அவன் இல்லீங்க

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து நானா கடையில் காசு போட்டு விளையாடும் பழைய மெஷின் ஒன்று இருக்கிறது. அதன் திரையில், கற்கள் உருண்டு வரும் கோபுரத்தில் ஒரு சின்ன உருவம் ஏறும். தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு ஒரு பெண் அதை விளையாடிக்கொண்டிருந்தார். உருவம் விழும்போதெல்லாம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஏற்றினார்.

"அவன் ஏறமாட்டான் போல," என்றேன்.

"அவன் இல்லீங்க, அவ. சடை தெரியலையா?"

எத்தனையோ வருஷம் விளையாடிய நான் அதைக் கவனித்ததே இல்லை. கடைக்கார நானாவும் எட்டிப் பார்த்தார்.

வெளியே டயகம போகும் பஸ் ஹாரன் அடித்தது.

"உங்க பஸ்ஸுங்களா?"

"போகட்டுங்க. இவ மொதல்ல உச்சியத் தொடட்டும்."

தொட்டுவிட்டாள். மெஷின் முதலிடம் கொடுத்து, மூன்று ஆங்கில எழுத்தில் பெயர் கேட்டது. அடித்துக் கொடுக்கலாமென்று அவர் பெயரைக் கேட்டேன்.

"எம்பேரு எதுக்குங்க? ஏறுனது அவதானே."

'அவ' என்றே போட்டேன். ஏ, வி, ஏ. சரியாக மூன்று எழுத்து.

சாயங்காலம் மெஷினை அணைத்ததும் அந்தப் பெயர் அழிந்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் அங்கே யாராவது "விழுந்துட்டான்" என்றால் நானா விடுவதில்லை.

"விழுந்துட்டா. இன்னும் ஏறுவா."