நோன்புக் காலத்து உப்புமானி

எங்கள் வயல்வட்டையின் கடைசி மதகில் தண்ணீரின் உப்பை நாக்கால்தான் பார்ப்பார்கள். கல்முனைக்கு மேற்கே, ஆறு கடலையொட்டிய உப்புக் களப்போடு சேரும் இடத்துக்குக் கிட்ட இருந்த தாழ்ந்த வயல்கள் அவை. மேல் வாய்க்காலில் நீர் குறைந்தால் ஆற்று மதகைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. பின்னேரம் கடல் காற்று ஏறினால் களப்பின் உப்பு ஆற்றுக்குள் வந்துவிடும். ஆகவே, நீர் பங்கிடும் பொறுப்பிலிருந்த வட்டவிதானையார் பகலில் மூன்று நான்கு தடவை ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்புவார். பிறகு திறக்கச் சொல்வார், அல்லது மூடச் சொல்வார். அவர் நாக்கு பிழைத்ததாக யாரும் சொன்னதில்லை.

நோன்பு மாதம் கோடைச் சிறுபோகத்தோடு சேர்ந்து வரத் தொடங்கிய வருடங்களில் இந்த முறை சறுக்கியது. நோன்பாளியான அவர் பகலில் வாயில் தண்ணீர் விடமாட்டார். விடியுமுன் சஹர் நேரத்தில் ஒரு தடவையும் நோன்பு திறந்த பிறகு ஒரு தடவையும்தான் பார்ப்பார். ஒரு வருடம், சஹரில் நன்றாயிருந்த தண்ணீரை நம்பிப் பகல் முழுவதும் மதகைத் திறந்து வைத்தார்கள். பின்னேரம் ஏறிய உப்பு வாப்பாவின் பயிரை நுனியிலிருந்து கருக்கிவிட்டது. மிஞ்சிய வைக்கோலை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. வாப்பா யாரையும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அப்போது நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். உம்மாவும் வாப்பாவும் குர்ஆன் ஓதுவார்கள். தமிழ் எழுத்து வாசிக்கமாட்டார்கள். வீட்டுக்கு வரும் கடிதங்களை எட்டு வயதிலிருந்து நானே வாசித்துச் சொன்னேன். பௌதிகத்தில் நான் எடுத்த புள்ளியைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் கூடுதலாக ஓடும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதை ஒரு ஊசியின் அசைவாக மாற்றத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தில் றேடியோ திருத்தும் வகுப்பில் சேர்ந்தேன். கடைகளில் ஜப்பான் றேடியோக்கள் குவிந்திருந்த காலம் என்பதால் வகுப்பு நிரம்பியிருந்தது. பெண்ணென்று நான் ஒருத்திதான். முதல் வாரம் ஈயம் ஒட்டும்போது விரலைச் சுட்டுக்கொண்டேன். மூன்றாவது மாதம், மற்றவர்கள் ஒட்டியதில் எங்கே பிடிப்பில்லை என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னேன்.

செத்துப்போன டோர்ச் பற்றரிகளை உடைத்து உள்ளேயிருந்த இரண்டு கரிக்கோல்களை எடுத்தேன். அவற்றின் இடைவெளி மாறாமலிருக்கப் பழைய செருப்பின் ரப்பரில் துளையிட்டுச் செருகினேன். ஒரு பற்றரியும் பழைய மீற்றரும் சேர்த்து உப்புத் தண்ணீரில் விட்டால் ஊசி துள்ளி எழும்பியது. எழும்பிய ஊசி, தண்ணீர் மாறாமலே மெல்ல மெல்ல இறங்கியது. நான்கு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். ஐந்தாம் நாள் கரிக்கோலில் பொடிப்பொடியாகக் குமிழிகள் ஒட்டியிருந்ததைக் கண்டேன். மின்சாரம் ஒரே பக்கமாக ஓடுவதுதான் காரணம். இரண்டு ற்றான்சிஸ்டர்களைக் கொண்டு மின்சாரம் மாறிமாறி ஓடும்படி செய்ததும் ஊசி சொன்ன இடத்தில் நின்றது. எல்லாவற்றையும் சவர்க்காரப் பெட்டி ஒன்றுக்குள் அடக்கினேன். விவசாயப் போதனாசிரியர் கொழும்பிலிருந்து எடுப்பித்த ஒரு போத்தல் உப்புத் தண்ணீரைத் தந்து, இதைவிட உப்புக் கூடினால் கதிர் உள்ளே கருக்கட்டி நிற்கும் குடலைப் பயிர் தாங்காது என்றார். ஒரு காலையில் வீட்டில் வைத்து அதைச் சோதித்து, ஊசி நின்ற இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டேன்.

அடுத்த நோன்புக்குப் பயிர் சரியாகக் குடலைப் பருவத்தில் நின்றது. மேல் வாய்க்கால் வறண்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாப்பாவோடு மதகுக்குப் போனேன். வட்டவிதானையார் சந்தோஷமாகவே இடம் விட்டார். மதியம் லுஹர் தொழுகைக்குக் கிட்ட ஆற்றில் கரிக்கோலை இறக்கினேன். ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டியது. மூடச் சொன்னேன், மூடினார்கள். மதகை மூடியபடியே வைத்து மறுநாள் அதே நேரத்தில் பார்த்தபோதும் ஊசி தாண்டியது. அன்றைக்குப் பயிரின் இலைகள் சுருளத் தொடங்கியிருந்தன. பக்கத்து வயல்காரர், வாப்பாவுக்கு மச்சான் முறையானவர், வரம்பில் குந்தியிருந்தபடி சொன்னார்:

"மருமகள், உங்கட பெட்டியும் நோன்பு போல. தண்ணியக் கண்டாலே வேணாமெண்டுது."

எல்லோரும் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை, தன் பயிரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் இரண்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் அந்த வயலில் கதிர் வராது. உப்புத் தண்ணீர் பாய்ந்தாலும் வராது. இரண்டில் எது என்பதை என் பெட்டி சொல்ல வேண்டியிருந்தது.

ஆற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். குசினியில் தண்ணீர்க் குடத்தின் கீழிருந்த ஈர மணலில் அதையும் போதனாசிரியரின் போத்தலையும் வைத்துவிட்டு பின்னேர அசர் தொழப் போனேன். திரும்பி வந்தபோது உம்மா நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். நுனி நாக்கில் வைத்து உடனே துப்பிவிடுவார். சமைக்கிறவர்களுக்கு அதில் குற்றமில்லை. அப்படியே இரண்டு போத்தலிலும் விரலைத் தொட்டு ருசித்துத் துப்பியிருக்கிறார்.

"இந்தக் கொழும்புப் போத்தல்தான் உப்புக் கூட," என்றார். "ஆத்துத் தண்ணியில அந்தளவு இல்ல. என்னத்துக்கு மதக மூடி வெச்சிருக்காய்?"

எனக்குக் கோபம் வந்தது. பெட்டியை எடுத்து இரண்டிலும் கரிக்கோலை விட்டேன். ஆற்றுத் தண்ணீரில் ஊசி சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது. மதியம் கோட்டைத் தாண்டிய அதே தண்ணீர். போத்தலைக் கையில் பிடித்ததும் விளங்கியது: குளிர்ந்திருந்தது. மதியம் அதை அள்ளியபோது அரைவாசி ஆறிய தேத்தண்ணீர்போல் சுட்டது. சூடானால் அதே உப்பிலும் மின்சாரம் கூட ஓடும். இதுவும் புத்தகத்தில் இருந்தது, நான் படித்ததுதான். காலைக் குளிரில் போட்ட கோட்டை மதிய வெயிலில் நம்பியிருக்கிறேன்.

வாப்பா பள்ளிவாசலிலிருந்து வந்ததும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடித்தார்.

"நாளைக்கு அவங்களுக்கு முன்னால நீயே சொல்லு மகள். உனக்காக நான் கதைக்கமாட்டன்."

மறுநாள் காலை மதகடியில் எல்லோருக்கும் சொன்னேன். பிழை என்னுடையது, இரண்டு நாளும் திறந்திருக்கலாம் என்றேன். மச்சான் முறையானவர் வாயைத் திறக்குமுன் திருத்தத்தையும் காட்டினேன். போதனாசிரியரின் போத்தலைக் கயிற்றில் கட்டி ஆற்றுக்குள் அமிழ்த்தினேன். ஆறு சுட்டால் போத்தலும் சுடும். ஒவ்வொரு தடவையும் முதலில் போத்தலைப் பார்ப்பது, பிறகு ஆற்றைப் பார்ப்பது. நகப்பூச்சுக் கோட்டை எல்லோரும் பார்க்கவே சுரண்டி எடுத்தேன். வட்டவிதானையார் சற்று யோசித்துவிட்டு மதகைத் திறக்கச் சொன்னார். தண்ணீர் வயலுக்குள் ஓடியது.

காலை முழுவதும் ஆற்றின் ஊசி போத்தலின் ஊசிக்குக் கீழேயே நின்றது. அசருக்குச் சற்று முன் காற்று திரும்பியது. அடுத்த தடவை பார்த்தபோது ஆறு போத்தலைப் பிடித்துவிட்டது. அதற்கடுத்த தடவை தாண்டிவிட்டது.

"மூடுங்க," என்றேன்.

"முந்தநாளும் இப்பிடித்தான் சொன்ன," என்றார் மச்சான் முறையானவர். அவருடைய வயலில் இன்னும் பாதிக்குத் தண்ணீர் ஏறவில்லை.

"ஓம் மாமா, சொன்னன். அண்டைக்குப் பிழை. இண்டைக்குச் சரி."

வட்டவிதானையார் என் முகத்தைப் பார்த்தார், வாப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மதகுப் பலகையைத் தானே இறக்கினார்.

அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளியிலிருந்து பாங்குச் சத்தம் வயல்வெளியில் வந்து சேர்ந்ததும் ஆளுக்கொரு பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தோம். வட்டவிதானையார் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு ஆற்றோரம் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டார். உடனே துப்பினார். பிறகு நல்ல தண்ணீரால் வாயைக் கொப்பளித்தார்.

"கஞ்சிக்கு உப்பாப் போடலாம்," என்றார்.

மச்சான் முறையானவரும் அள்ளிப் பார்த்தார். அவரும் துப்பினார். பெருநாள் வரைக்கும் மதகு என் சொல்லில் திறந்தது, என் சொல்லில் மூடியது. வாப்பாவின் வயலில் மேட்டு மூலை ஒன்று பதராகப் போனது. நான் வீணாக மூடிவைத்த இரண்டு நாள் அந்த மூலையில் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் கதிர் தலை சாய்த்து விளைந்தது.

மதகடியில் நோன்பு திறந்த அந்த மாலையில் நான் பெட்டியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது மச்சான் முறையானவர் வரம்பில் கொஞ்சத் தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். ஆற்றுக்குள் தொங்கிய கயிற்றை இழுத்துப் பார்த்து, முடிச்சு தளர்ந்திருக்கிறதென்று அவிழ்த்து, தானே இறுக்கிக் கட்டினார்.