நீர் யாற்ற மகள்?

இண்டைக்குப் பின்னேரம் வெள்ளவத்தையில இருந்து தெஹிவளைக்குப் போற பஸ். நல்ல சனம்.

ஒஃபிஸ் விட்டு வாற பிள்ளை ஒண்டு எனக்கு முன்னால நிண்டவ. பக்கத்தில நிண்ட ஆள் அவவோட உரசிக்கொண்டே வந்தார். அவ விலக விலக அவரும் கிட்டக் கிட்ட வந்தார்.

நான் சிங்களத்தில போட்ட சத்தத்துக்கு பஸ்ஸே திரும்பிப் பாத்தது. பெண்ணுரிமை கதைக்க நான் பழகினது சிங்களத்திலயும் இங்கிலீஷிலயும்தான். அதில எனக்கு ஒரு பயமும் இல்ல.

அந்த ஆள் என்ர நெத்திப் பொட்டைப் பாத்து நான் தமிழெண்டு பிடிச்சிட்டு, ஆறுதலாத் தமிழில கேட்டார்.

"தங்கச்சி, நீர் யாற்ற மகள்?"

அவ்வளவுதான். என்ர வாயில வந்தது, "கொட்டாஞ்சேனை... அப்பா கஸ்டம்ஸில இருந்தவர், அங்கிள்."

அங்கிளாம்!

"ஓ, அப்பாவைத் தெரியும். நல்ல மனுசன்."

நான் தலையாட்டினன்.

அடுத்த ஹோல்ட்டில அந்தப் பிள்ளை இறங்கிட்டா. அது அவ இறங்குற இடமில்லை எண்டு நினைக்கிறன். இறங்கேக்க அவரைப் பாக்கேல்ல. என்னைத்தான் பாத்தா.

வீட்டில எனக்குத் தமிழில பழக்கினது பெரியாக்கள் கேட்டாப் பதில் சொல்லத்தான். நீங்களெல்லாம் தமிழில சத்தம் போட எங்க பழகினனீங்கள்? கொமெண்டில சொல்லுங்கோ.

அங்கிள்மார் வேண்டாம்.