பேராச்சி கையில் ஏறிய வளையல்

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் வளையல்காரி குருவம்மாளுக்குக் கை ஓயாது. எப்பேர்ப்பட்ட முரட்டுக் கையாக இருந்தாலும் சோப்பு நுரையைத் தடவி, எலும்பை அமுக்கி, கண்ணாடி வளையல் உடையாமல் ஏற்றிவிடுவாள். தென்காசி, இலஞ்சி என்று எங்கே வளைகாப்பு நடந்தாலும் அவளுக்குத்தான் ஆள் வரும். அந்தக் கர்வமும் அவளுக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

1958-ல் அவளுடைய ஒரே மகள் பேராச்சி மாசமாக இருந்தாள். வயது இருபது, மாதம் ஏழு. வளைகாப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது தலைவலி தாங்கவில்லை என்று அழுதாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள் குருவம்மாள். நர்ஸம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாள். பிரஷர் நூற்று அறுபது.

“இவள இங்கனயே படுக்க வையுங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவக்கூடாது.”

குருவம்மாளுக்குச் சுள்ளென்று வந்தது. அவள் புருஷன் தில்லைநாயகத்துக்கு நூற்று எழுபது இருந்தது. அறுபது வயசில் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு கம்பவுண்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

“நீங்க ஒண்ணு! இவ அப்பன் நூத்தி எழுபத வச்சிக்கிட்டு குத்துக்கல்லு மாதிரி நடமாடுதாரு. சின்னப் பிள்ளைய நூத்தி அறுபது என்ன செஞ்சிரும்? ஊருக்கே வளையல் போடுதவ மகளுக்கு வளைகாப்பு நிண்ணு போச்சுன்னா, சம்பந்தக்காரி சிரிக்க மாட்டாளா?”

சொல்லைக் கேளாமல் கூட்டிப்போவதாக எழுதிய காகிதத்தில் பெருவிரல் ரேகையை வைத்துவிட்டு மகளைக் கூட்டி வந்துவிட்டாள்.

வளைகாப்பு அன்று பேராச்சியின் கை புசுபுசுவென்று வீங்கியிருந்தது. வளையல் முட்டியைத் தாண்டவில்லை.

“எம்மா, வலிக்கி. கண்ணு வேற மங்கலாத் தெரியுது.”

“அது பூரிப்புடி. ஆம்பளப் பிள்ளதான், பாரு.”

கைக்கு இருபத்தொன்று ஏற்றினாள். ஒன்றுகூட உடையவில்லை. கூட்டம் அசந்து போனது. அமுக்கிய இடத்தில் அவளுடைய பெருவிரல் பதிந்த குழி எழும்பாமல் அப்படியே கிடந்தது. அதை அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த வளையலை எடுத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் பேராச்சிக்கு வலிப்பு வந்தது. மாட்டுவண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் இன்னும் இரண்டு தடவை வந்தது. ஐயோ, என்ன சொல்ல! வயிற்றுப் பிள்ளையும் தங்கவில்லை, அவளும் தங்கவில்லை.

டாக்டரம்மா திட்டக்கூட இல்லை. “அறுபது வயசுல நூத்தி எழுபதும் நல்லதில்லம்மா. ஆனா அது மெள்ள மெள்ளத் தின்னும். மாசமா இருக்க பிள்ளைக்கு நூத்திப்பத்து, நூத்திருபதுதான் இருக்கணும். நூத்தி நாப்பதத் தொட்டாலே ஆபத்து. அது நாள் குடுக்காது,” என்றாள்.

அதற்குப் பிறகும் குருவம்மாள் வளையல்தான் விற்றாள். வேறு பிழைப்பு ஏது? ஆனால், மாசமான பெண் கையை நீட்டினால் முதலில் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பாள். குழி விழுந்தால் வளையலைத் தொடமாட்டாள். “பிரஷர் பாத்துட்டு வா” என்பாள். நல்ல காரியத்தில் அபசகுனம் பேசுகிறாள் என்று வீடுகள் ஒவ்வொன்றாக அவளைக் கூப்பிடுவதை நிறுத்தின.

கடைசியாகக் கூப்பிட்டது அச்சன்புதூரில். அங்கேயும் குழி விழுந்தது. அவள் வளையல் பெட்டியை மூடியதும் பெண்ணின் தாய் மாரித்தாய் சீறினாள்: “ஒம் மகளுக்கு மட்டும் கை நெறையப் போட்டேல்லா? எம் மகளுக்குப் போட மாட்டியோ?”

“போட்டேன் தாயி,” என்றாள் குருவம்மாள். “ஒண்ணுகூட உடையல. அதான் சொல்லுதேன்.”