கடலைப் பார்த்த டிஷ்

மொட்டைமாடி இரும்புக் கம்பத்தில் ஒரு குங்குமக் கோடு. வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டு அன்ரியை நினைத்தால், அவர் முகத்துக்கு முந்தி அந்தக் கோடுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. கம்பத்தில் பாதி, டிஷ்ஷைத் தாங்கும் பிடியில் பாதி. இரண்டு பாதியும் ஒன்றாகச் சேரும்படி டிஷ்ஷைத் திருப்பினால் தொலைக்காட்சியில் வன்னி தெரியும். குங்குமம் வேண்டாம், மழைக்குக் கரைந்துவிடும், என் நகப்பூச்சைத் தருகிறேன் என்று எத்தனையோ தரம் சொன்னேன். "அந்த மனுசனைப் பாக்கிற இடத்துக்கு நெயில் பொலிஷோ பிள்ளை?" என்று முகத்தைச் சுளித்தார். தன் நெற்றியில் வைத்த கையோடு படியேறிப் போய்க் கம்பத்துக்கும் வைத்துவிட்டு வருவார். சாமியறையில் ஒன்று, மாடியில் ஒன்று என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அந்த மனுசன் அவருடைய கணவர். தங்கையின் மகளுக்குக் கலியாணம் என்று கிளிநொச்சிக்குப் போனவர்; அவர் திரும்புவதற்குள் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். பிறகு அங்கத்தைய தொலைபேசியும் நின்றது. மிஞ்சியது அங்கே இயக்கம் நடத்திய, கொழும்பில் பார்க்கக் கூடாத ஒளிபரப்பு மட்டும்தான். வன்னி எங்களுக்கு வடக்கே, ஒரே தீவுக்குள் கிடந்தது. படமோ எங்கெங்கோ வானத்தில் சுற்றி, மேற்கே கடலுக்கு மேலாக வந்து சேர்ந்தது. அதுதான் வில்லங்கம். சுற்றுவட்டார மாடிகளில் இருந்த டிஷ்கள் எல்லாம் இந்தியத் தொடர்களுக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அன்ரியுடையது மட்டும் கடலைப் பார்த்துச் சரிந்து நின்றது. விஷயம் தெரிந்தவன் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும், இந்த வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்று சொல்லிவிடுவான். வேலை முடிந்து காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நான் முதலில் பார்ப்பது அந்த டிஷ்ஷைத்தான். அது அங்கே நிற்பதும் பயம், நிற்காவிட்டால் அதைவிடப் பயம்.

அன்ரி பார்க்கும் விதமே வேறு. சத்தத்தை அடியோடு குறைத்து, யன்னல் சீலையை இழுத்துவிட்டு, தொலைக்காட்சிக்கு முழங்கால் முட்டுகிற தூரத்தில் அமர்வார். யார் என்ன பேசுகிறார்கள் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. பேசுகிறவருக்குப் பின்னால் போகிறவர்களைத்தான் பார்ப்பார். சைக்கிளில் போகிறவர்கள், மரத்தடியில் குந்தியிருப்பவர்கள், தறப்பாள் கொட்டிலுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பவர்கள். "கொஞ்சம் அங்கால தள்ளி நில்லும் தம்பி, மறைக்குது" என்று செய்தியாளரை அதட்டுவார். நானும் பக்கத்தில் இருந்து, அன்ரியின் கலியாணப் படத்தில் மட்டும் கண்டிருந்த ஒரு முகத்தைத் தேடுவேன்.

அன்று சனிக்கிழமை. விடியற்காலை நன்றாக மழை பெய்து ஓய்ந்திருந்தது. காலைச் சாப்பாட்டு நேரத்தில் கீழேயிருந்து காவல்காரர் சிங்களத்தில் குரல் கொடுத்தார்: "நோனா, பொலிஸ் எனவா!" பொலிஸ் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லுகிற நல்ல மனிதர் அவர். அன்ரி படிகளில் ஓடியேறி டிஷ்ஷை நிமிர்த்தி வானத்துக்குத் திருப்பினார். நான் அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவையும் எடுத்து மேசையில் வைத்தேன். அவர்கள் வந்தபோது தொலைக்காட்சித் தொடரில் ஒரு மருமகள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து ஏன் வந்தாய், எங்கே வேலை என்று என்னைத் துருவிக்கொண்டிருந்த பொலிஸ்காரர் இடையில் திரையைப் பார்த்து, "மேயா மொகத அண்டன்னே?" என்றார். இவள் ஏன் அழுகிறாள் என்று சும்மா ஒரு கேள்வி.

"மஹத்தயா நெதி வெலா" என்றார் அன்ரி. புருஷனைக் காணவில்லையாம்.

பொலிஸ்காரர் அனுதாபமாகத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். தெரு முழுவதும் பார்த்து முடித்து ஜீப் போகும்வரை டிஷ்ஷைத் தொட வேண்டாம் என்று இருவரும் கீழேயே இருந்தோம். அப்போதுதான் தொலைபேசி அடித்தது. லண்டனில் இரவிரவாக அதே ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அன்ரியின் தம்பி. அவர் கத்திக் கதைத்ததில் எனக்கும் கேட்டது.

"அக்கா, அத்தானைக் கண்டனான்! இப்பத்தான், ரீவியில. கஞ்சிக்கு வரிசையில நிக்கிறார். தாடி வளர்ந்து மெலிஞ்சு போனார், ஆனா நல்லா நிக்கிறார். நீங்களும் பாத்தனீங்கள்தானே?"

"ஓம்" என்றார் அன்ரி. "பாத்தனான்."

ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்டதில்லை. ஜீப் இன்னும் தெருமுனையில்தான் நின்றது. அதையும் பார்க்காமல் மேலே ஓடினார். கம்பத்தில் கோடு இல்லை. மழை கழுவிவிட்டிருந்தது. கண் மதிப்பில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, நான் கீழே யன்னலால் தலையை நீட்டி "இல்லை அன்ரி", "இன்னும் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவழியாகப் படம் வந்தபோது வெறும் மேசையும் ஒரு அறிவிப்பாளரும்தான். திரும்பப் போடுவார்கள், திரும்பப் போடுவார்கள் என்று அன்று முழுவதும் சாப்பிடாமல் அதன் முன்னால் இருந்தார். போடவில்லை. மறுநாள் காலை என்னிடம் வந்து, "அந்த நெயில் பொலிஷை ஒருக்காத் தாரும் பிள்ளை" என்றார்.

அதற்குப் பிறகு அவர் டிஷ்ஷைத் திருப்பியதே இல்லை. எத்தனை சோதனை வந்தாலும், நான் எவ்வளவு கெஞ்சினாலும் திருப்பவில்லை. பொலிஸ் வந்தால் தொலைக்காட்சியை மட்டும் அணைத்தார். ஒவ்வொரு முறையும் எனக்குத்தான் உயிர் போய் வந்தது. ஆனால் யாரும் மாடிக்கு ஏறவில்லை. பிறகு ஒரு நாள் அந்த ஒளிபரப்பே நின்றுபோய், திரை வெறும் கறுப்பானது. சண்டை முடிந்தது என்றார்கள். முகாம் முகாமாகப் போய்க் கேட்டோம். அந்தக் கஞ்சி வரிசைக்குப் பிறகு அவரைக் கண்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை.

போன மாதம் கொழும்புக்குப் போனபோது அன்ரியைப் பார்க்கப் போனேன். வீட்டுக்குக் கேபிள் வந்து கனகாலம். நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது. உடுப்புக் காயப்போட அவரோடு மாடிக்கு ஏறினேன். கடலை மறைத்துப் புதிய தொடர்மாடிகள் எழும்பிவிட்டன. துருவேறிய டிஷ் இப்போது பார்ப்பது யாரோ ஒருவருடைய குளியலறைச் சுவரை. கம்பத்தில் என் சிவப்பு நகப்பூச்சு வெளிறிப்போய், ஆனால் கோடு கலையாமல் இருந்தது. ஈரப் போர்வையை விரிக்க டிஷ் இடைஞ்சலாக இருக்கவே, கொஞ்சம் தள்ளிவிடலாம் என்று நான் கை வைத்தேன்.

"திருப்பாதையும் பிள்ளை" என்றார் அன்ரி. "நான் அண்டைக்கு ஒருக்காத் திருப்பினது போதும்."