கண்ணால் கேட்கும் நாய்

சிதம்பரத்தில் நாங்கள் இருக்கும் நகரில் ஜாதி நாய் வளர்க்கிறவர்கள் எல்லோரும் நாயோடு இங்கிலீஷில்தான் பேசுவார்கள். பெண்டாட்டி பிள்ளையிடம் தமிழ், பால்காரரிடம் தமிழ், தெரு நாயை விரட்டுவதும் தமிழில்தான். கேட்டுக்குள் கட்டியிருக்கிற நாயிடம் மட்டும் "சிட்", "கம்", "நோ". அந்த நாய்களும் அதற்கு அடங்கி உட்காரும், எழுந்திருக்கும். எங்கள் வீட்டு நாய்தான் எந்தப் பாஷைக்கும் அடங்கவில்லை.

அது சிப்பிப்பாறை. தெற்கத்தி வேட்டை நாய். ஒட்டிய வயிறு, உயரமான கால், கத்தி மாதிரி முகம். திருட்டு பயம் ஜாஸ்தியாகிவிட்டது என்று மகன் குட்டியாக வாங்கி வந்தான். மருமகள் ஆசையாக ஒரு பெயர் வைத்தாள். அந்தப் பெயருக்கு அது ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அதனால் நானும் அதை இங்கே எழுதவில்லை.

சோறு வைப்பது நான். மகன் கடலூருக்குக் கம்பெனி வேலைக்கும் மருமகள் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டால் பகல் முழுக்க வீட்டில் நானும் அதுவும்தான். எனக்கு ஆட்களோடு பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. பஸ்ஸில் கண்டக்டரிடம் "இறங்கணும்" என்று சொல்ல வெட்கப்பட்டு, இறங்க வேண்டிய ஊரை விட்டு அடுத்த ஊரில் மற்றவர்களோடு இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்காது. அந்த நாயும் அனாவசியமாகக் குரைக்காது. இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

ஒரே ஒரு குறை, ஓடுகிறது எதைக் கண்டாலும் துரத்தும். கேட் ஒரு விரல் திறந்திருந்தால் போதும். பின் தெருக் கோழிகளுக்காக ஒரு வீட்டில் ஏச்சு வாங்கினோம். அதன் பிறகு ஒரு நாள் ஆட்டுக்குட்டி ஒன்றைத் துரத்திக்கொண்டு பைபாஸ் ரோட்டுக்கே போய்விட்டது. லாரிக்காரர் பிரேக் போட்ட சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. மகன் ஒரு கால் செருப்போடு ஓடிப்போய் இழுத்து வந்தான். வந்ததும் சொல்லிவிட்டான், இனி இது இங்கே வேண்டாம்.

மருமகளின் தம்பி குமராட்சிப் பக்கம் பயிர் வைக்கிறவன். நாயைத் தனக்குக் கொடுத்துவிடச் சொல்லி ரொம்ப நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தான். வயல் நடுவில் இருக்கிற மோட்டார் கொட்டகையில் கட்டிவிட்டால் பன்றி வராதாம். அந்தக் கொட்டகையை நான் பார்த்திருக்கிறேன். கட்டின இடத்திலிருந்து நாலு பக்கமும் வயல் தெரியும். ஓடுவதற்கென்றே பிறந்த ஒன்று, கண்ணுக்கு எட்டின தூரமெல்லாம் பார்த்துக்கொண்டு சங்கிலியில் நிற்கும். மகனிடம் சொல்ல வாய் வரவில்லை. அடுப்படியில் மருமகளிடம் சொன்னேன்.

"அத அங்க கட்டிப் போட்டா செத்துடும்மா."

அவள் அன்று ராத்திரி சாப்பாட்டுக்குள் போனில் தேடி, கடலூரில் நாய்களுக்குப் பழக்கம் சொல்லிக் கொடுக்கிறவர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. மகன் அரை மனதாக ஒத்துக்கொண்டான். வகுப்பு முடிகிற அன்று அவிழ்த்துவிட்டுக் கூப்பிட வேண்டும். வந்தால் வீட்டில் இருக்கலாம், வராவிட்டால் அங்கிருந்தே குமராட்சி. அதுதான் பேச்சு.

மகன்தான் கூட நிற்பான் என்று நினைத்திருந்தேன். பழக்குகிறவர் முதல் கேள்வியே "சோறு வெக்கிறது யாரு?" என்று கேட்டார். மகன் என்னைக் காட்டினான். "அப்ப அவுங்க வரட்டும்" என்று கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார்.

புதருக்கு நடுவே ஒரு காலி மைதானம். பேண்ட் சட்டை போட்டவர்கள் நடுவில் புடவையோடு நான். அங்கேதான் நாய்க்கு நாய் புத்தி எவ்வளவு மாறும் என்று பார்த்தேன்.

பாங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் லேப்ரடார் கொண்டு வருவார். அது பிஸ்கட்டுக்காக எதையும் செய்யும். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, கேட்காமலே கையும் கொடுத்து, அடுத்த பிஸ்கட் எந்தப் பாக்கெட்டில் என்று பார்க்கும். ஷெப்பர்டு ஒன்று, முன் பெஞ்சுப் பிள்ளை மாதிரி, பழக்குகிறவர் வாய் திறப்பதற்குள் காதைத் தூக்கிக்கொண்டு தயாராக நிற்கும். பீகிள் என்று தொங்கு காதோடு ஒரு குட்டை நாய். மூக்கைத் தரையில் வைத்தால் வைத்ததுதான். அதற்கு மேலே ஒரு உலகம் இருப்பதே அதற்குத் தெரியாது.

எங்களுடையது முதல் தடவை சொன்னபோது உட்கார்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது, இப்போதுதானே உட்கார்ந்தேன் என்பது போல என்னைப் பார்த்தது. மூன்றாம் தடவைக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

பாங்கிக்காரர் சிரித்தார். "நாட்டு நாய்க்கு இதெல்லாம் ஏறாதும்மா. வெட்டிச் செலவு."

அதற்குப் பழக்குகிறவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. "புத்தி இல்லாம இல்ல சார். ஷெப்பர்டு ஆளு கூட சேந்து வேல செய்யப் பொறந்தது, ஆளக் கேட்டுக் கேட்டுதான் செய்யும். இது மொசலத் தொரத்தப் பொறந்தது. மொசலு ஓடறப்ப எசமான் இன்னா சொல்றாருன்னு திரும்பிப் பாத்தா மொசலு போயிடும். தானா முடிவெடுக்கற புத்தி சார் இதுக்கு. அதத்தான் நாம திமிருங்கறோம்."

பதில் நன்றாகத்தான் இருந்தது. வேலை நடக்க வேண்டுமே. தூரத்தில் நிறுத்திவிட்டுக் கூப்பிடுகிற பாடம் வந்ததும் நான் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொருவரும் அந்தண்டையிலிருந்து "கம்" என்று கத்துவார்கள், நாய் ஓடி வரும். என் முறை வந்தால் உதடு அசையும், சத்தம் வராது. "இன்னும் சத்தமா, அம்மா" என்பார் அவர். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றால் இருக்கிற குரலும் உள்ளே போய்விடும். என் நாய் மைதானத்துக்கு அந்தப் பக்கம் காக்கையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும். திரும்பி வரும்போது மகன் ஓட்டுகிற வேனில் ஆலப்பாக்கம் தாண்டும் வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படியே வாரங்கள் போய்க்கொண்டிருந்தன.

ஒரு நாள் மாடியில் நெத்திலிக் கருவாடு காயப் போட்டிருந்தேன். காக்கை வந்தது. கையைத் தலைக்கு மேலே உயர்த்தி ஓட்டினேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த நாய், ஒரே பாய்ச்சலில் என் காலடியில் வந்து நின்றது. நான் வாயே திறக்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். சோற்றுக்கு அதை நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. தட்டை வைத்துவிட்டுக் கொல்லைக் கதவில் நின்று கையைத் தூக்குவேன், எங்கே இருந்தாலும் வந்துவிடும். கத்துவதற்கு வெட்கப்பட்டு நான் செய்தது. அது அதையே பாடமாகப் படித்து வைத்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்ததும் ஒன்றும் சொல்லாமல் கையைத் தூக்கினேன். வந்துவிட்டது. பழக்குகிறவர் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்.

"எல்லாருக்கும் சொல்ற பாடத்தயே உங்களுக்கும் சொல்லிக்கிட்டிருந்துட்டன் அம்மா. இதுக்குக் காது ரெண்டாம்பட்சம். கண்ணுதான் எல்லாம். கையவே வச்சிக்குங்க. ஆனா ஒண்ணு, ஓடறதப் பாத்துட்டா உங்க கையக் கூடப் பாக்காது. அது எப்ப தலையத் தூக்குதுன்னு நீங்கதான் பாத்து வெக்கணும்."

அதைப் பார்ப்பதே பிறகு என் வேலையாகிவிட்டது. எங்கள் நகருக்குப் பின்னால் பயிர் வைக்காத ஒரு வயல் கிடக்கிறது. துணி காயப் போடுகிற கயிறுகளை முடிச்சுப் போட்டு நீளமாக்கிக்கொண்டு விடிந்ததும் அங்கே போய்விடுவேன். கொக்கைக் கண்டால் பாயும். அப்போது கையைத் தூக்கினால் பிரயோஜனமே இல்லை, கொக்கைத் தவிர வேறு எதுவும் அதன் கண்ணில் படாது. கொக்கு பறந்து மரத்துக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டால் சட்டென்று நிற்கும். கழுத்தை நீட்டித் தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்க்கும். அந்த நேரத்தில் என் கை மேலே இருக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் வேறு ஏதாவது கண்ணில் பட்டுவிடும். வந்தால் ஒரு நெத்திலி. பிஸ்கட்டை அது மோந்துகூடப் பார்க்காது, கருவாட்டுக்கு வரும். ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் நான் கேட்பதும் இல்லை. சலிப்புத் தட்டுவதற்கு முன்னே வீட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

கடைசி வகுப்பு கடலூர் வெள்ளிக் கடற்கரையில், ஜனங்கள் வருவதற்கு முன்னால். மகனும் மருமகளும் வந்தார்கள். மருமகளின் தம்பியும் புதுச் சின்ன லோடு வண்டி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு குமராட்சியிலிருந்து நேரே வந்துவிட்டான். பின்னால் வைக்கோல்கூடப் பரப்பியிருந்தான்.

"மாமா, நான் டீசல் போட்டுக்கிட்டு வந்துருக்கன். வெறும் வண்டியா திருப்பி அனுப்பிடாதீங்க" என்று மகனிடம் சொல்லிச் சிரித்தான். மகனும் சிரித்தான். மருமகள் தம்பியை முறைத்தாள்.

லேப்ரடாரை அவிழ்த்துவிட்டார்கள். கூப்பிட்டதும் வந்தது, வழியில் மணலில் கிடந்த பஜ்ஜிக் காகிதத்தை நக்கிவிட்டு வந்தது. ஷெப்பர்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பீகிளுக்கு மீன் வாசனை பட்டுவிட்டது, அதைப் பிடிக்க இரண்டு பேர் போக வேண்டியிருந்தது. அடுத்தது நாங்கள்.

கயிற்றை அவிழ்த்தேன். அதே நேரம் பார்த்துக் பக்கத்து மீனவர் குப்பத்து வெள்ளாடுகள் வலைக் குவியலுக்குப் பின்னாலிருந்து வந்தன. ஒரு குட்டி துள்ளிக்கொண்டு தனியே ஓடியது. என் நாய் இருந்த இடத்தில் மணல் மட்டும்தான் பறந்தது.

மகன் "கம், கம்" என்று கத்தினான். அவன் மச்சான் விசில் அடித்தான். பாங்கிக்காரரும் பாவம், தன் பங்குக்குக் கத்தினார். அலைச் சத்தமும் காற்றும் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயின. மகன் ஓட ஆரம்பித்தான். அவன் ஓடினால் நாய் அவனையும் பந்தயத்துக்கு வருகிறவன் என்றுதான் நினைக்கும். அதோடு நான் நிற்கிற இடத்தை மறைத்துவிடுவான்.

"ஓடாதடா. நில்லு அங்கியே."

சொன்னது நான்தான். அவன் நின்றுவிட்டான். எல்லோரும் நின்றுவிட்டார்கள். நான் கூட்டத்தை விட்டு விலகி, ஈரமணலுக்குப் பக்கத்தில் எதுவும் மறைக்காத இடமாகப் போய் நின்றேன். கையைத் தூக்கவில்லை. குட்டியும் நாயும் கரையில் ஏற்றி வைத்திருந்த படகுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. நாய்க்கும் குட்டிக்கும் நடுவே இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. மருமகள் கண்ணைப் பொத்திக்கொண்டாளாம், பிறகு சொன்னாள். நான் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டி அங்கே வளைந்துதான் ஆக வேண்டும்.

வளைந்தது. படகுக்கு அந்தப் பக்கம் மறைந்தது.

என் கை மேலே போயிற்று. நாய் கால்களை ஊன்றி மணலில் சறுக்கி நின்றது. கழுத்து நீண்டது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. படகுக்கு அடியில் ஆட்டுக்குட்டியின் கால் தெரிந்திருக்குமோ என்னவோ, திரும்ப அங்கே குனியப் பார்த்தது. அப்புறம் கடலோரமாகத் தலையைத் திருப்பியது. அத்தனை தூரத்திலிருந்து என்னைப் பார்த்துவிட்டது. பார்த்துவிட்டது என்பது எனக்கு இங்கே தெரிந்தது.

அது ஓடி வந்ததை எப்படிச் சொல்வது? துரத்தும்போது ஓடியதைவிட வேகமாக வந்தது. வயிறு தரையைத் தொட, நாலு காலும் சேர்ந்து விரிய, ஒரு அலை வந்து திரும்புவதற்குள் என் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் உட்காரச் சொல்லவே இல்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த கருவாடு அத்தனையும் அதற்கே. கணக்கெல்லாம் பார்க்கவில்லை.

பழக்குகிறவர் தூரத்திலிருந்தே தலைக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டினார். பாங்கிக்காரர் கிட்டே வந்து, இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்லிக் கேட்டார். போனில் படம் பிடிக்க வேண்டுமாம்.

"ஒரு வாட்டிதான் சார். கேட்டுக்கிட்டே இருந்தா அது நம்மள மதிக்காது" என்றேன். அவர் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார்.

மருமகளின் தம்பி நாயைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தான். பிறகு மகனிடம், "மாமா, இத நான் கொண்டு போயி இன்னா பண்றது? இது கண்ணு அத்தை மேலதான் இருக்குது. எனக்கு ஒரு தெரு நாய் போதும்" என்றான். மருமகள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். வைக்கோல் பரப்பிய வண்டி வெறுமனேதான் குமராட்சிக்குப் போயிற்று.

மகன் என் பக்கத்தில் வந்து நின்றான். பாராட்டிப் பேச அவனுக்கும் வராது, என் பிள்ளைதானே. நாயின் தலையைத் தடவினான். "வெயில் வந்துடும், கெளம்பலாமா அம்மா?" என்று கேட்டான்.

இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் நடுவில் மணலில் காலை நீட்டி உட்கார்ந்தேன். நாய் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டது. கடற்கரைக்கு ஜனங்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் நன்றாகப் பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு.