உயிர்த்தண்ணி

கோவை ஆர்.எஸ்.புரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் எனக்குக் கெட்ட பெயர். தொண்ணூறுகளின் நடுவில் ஹாம் ரேடியோ உரிமம் வாங்கி, மொட்டை மாடியில் ஏரியல் கம்பி கட்டி, முன்பின் தெரியாதவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். நான் மைக்கைப் பிடித்தால் பக்கத்து வீட்டு டிவியில் படம் ஆடும். சமயத்தில் என் குரலே அதில் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு நடுவே ஒருவன் ‘ஹலோ, ஹலோ’ என்று கத்தினால் யார்தான் பொறுப்பார்கள்? தெருவிலிருந்த மிக்சிகளும் டியூப்லைட்டுகளும் பதிலுக்கு என் ரேடியோவில் இரைந்து பழிதீர்த்துக்கொண்டன.

அதனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே போவதென்று நானும் என்னோடு மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்த நண்பரும் முடிவு செய்தோம். நண்பருக்கு ஒன்றுவிட்ட மாமா ஒருவர் கிணத்துக்கடவுப் பக்கம் தென்னையும் கொஞ்சம் காய்கறியுமாகத் தோட்டம் வைத்திருந்தார். ஒரு பங்குனி மாதக் காலையில், ஸ்கூட்டரில் என் கால்களுக்கு நடுவே கார் பேட்டரி, பின்னால் நண்பர் மடியில் நாங்களே சால்டரிங் வைத்துச் செய்த ரேடியோ. கைக்குழந்தையைப்போல் அதை அணைத்துக்கொண்டு வந்தார்.

மாமாவே ஏணி கொண்டுவந்தார். இரண்டு தென்னைகளுக்கு இடையே கம்பியை இழுத்துக் கட்டி, நடுவிலிருந்து வயரை இறக்கி, கயிற்றுக் கட்டிலில் ரேடியோவை வைத்தோம். நகரத்து இரைச்சல் எதுவும் இல்லை. ‘கர்ர்’ என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் விடாமல் வந்தது. மாமாவின் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டரிலோ கம்பத்து இணைப்பிலோ பொறி பறக்கிறது என்று உடனே கண்டுபிடித்துவிட்டேன். மோட்டார் கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்கு அதில் மட்டும் மூளை நன்றாக வேலை செய்யும்.

அந்தச் சத்தத்துக்கு அடியில் ஒரு ஜப்பான்காரர் மெலிதாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“ஏனுங்க, மோட்டாரைக் கொஞ்ச நேரம் நிறுத்திக்கலாங்களா?” என்றேன்.

மாமா ஒருமுறை வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “அதுக்கென்னங்க, நிறுத்திப்போடலாங்க” என்றார்.

நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். எங்கள் பக்கத்தில் ‘அதுக்கென்னங்க’ என்பது பாதி நேரம் சம்மதம் அல்ல, வெறும் மரியாதை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தெரியாதவனாக இருப்பது வசதியாக இருந்தது.

மோட்டார் நின்றதும் ஜப்பான்காரர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பேசுவதுபோல் கேட்டார். எங்கள் கையால் செய்த பெட்டி கடல் தாண்டிப் பேசிவிட்டது. கட்டிலிலிருந்து எழுந்து குதித்தேன். அதோடு விட்டேனா? ஆசை யாரை விட்டது? இன்னொருவர், இன்னொருவர் என்று ‘கொஞ்ச நேரம்’ உச்சிவெயில் வரை நீண்டது. மாமா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். ஒருமுறைகூட ‘முடிந்ததா’ என்று கேட்கவில்லை.

கடைசியில் எழுந்து மோட்டார் அறைக்குப் போய்விட்டு வந்து, கரண்ட் போய்விட்டது என்று சொன்னார். தோட்டங்களுக்கு மோட்டார் ஓட்டும் மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும், பகலில் சில மணி நேரம் மட்டும். மோட்டார் வாங்க வருகிறவர்களிடம் அன்றாடம் நான் பேசுகிற பேச்சே அதுதான். நாளைக்கு ஓட்டிக்கொள்ளலாமா என்று சும்மா கேட்டு வைத்தேன். “பரவாலீங்க, பாத்துக்கலாங்க” என்று சொல்லிச் சாப்பிடக் கூட்டிப்போனார். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

சில வாரங்கள் கழித்து, கேண்டீனில் டீ குடித்துக்கொண்டே நண்பர் விஷயத்தைச் சொன்னார். மாமா தக்காளி நாற்று நட்டு மூன்றாம் நாள் அது. நட்ட அன்று ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் ஒரு தண்ணீர். அந்த இரண்டாவது தண்ணீருக்கு உயிர்த்தண்ணி என்று பெயர். வெயில் காலத்தில் அது தவறினால் நாற்று நிற்காது. கிணறு மாமாவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. மறுநாள் அண்ணனுடைய நாள். அண்ணனிடம் கேட்டிருக்கலாம்தான். இல்லையென்று சொல்லத் தெரியாதவருக்குக் கேட்கவும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் கிணற்றில் சேந்தி, குடம் குடமாகச் சுமந்து ஊற்றியிருக்கிறார்கள். அப்படியும் பாதிக்குமேல் கருகிவிட்டது.

நான் மறுநாளே போயிருக்க வேண்டும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, தக்காளி பறிக்கும் காலத்தில்தான் போனேன், தனியாக. வயல் சொட்டை சொட்டையாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதெல்லாம் எதுக்குங்க என்று மாமா பேச்சை மாற்றி, ஜப்பானில் என்ன வெள்ளாமை செய்வார்கள் என்று விசாரித்தார். எனக்குத் தெரியவில்லை. அந்த ஜப்பான்காரரிடம் என் குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதைத் தவிர நான் வேறு எதையும் கேட்டிருக்கவில்லை.

மாமா ஏதோ எடுத்துவர வீட்டுக்குள் போனார். பழம் பறித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி நிமிராமலே பேசினார்.

“ஊட்டுக்கு வந்தவிய கேட்டா, முடியாதுன்னு சொல்ல அவருக்கு வாய் வராதுங்க. நீங்கதான் கேக்காம இருந்திருக்கோணும்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மாமா ஒரு பையோடு வந்தார். பிழைத்த செடிகளின் பழம், பொறுக்கியெடுத்த நல்ல பழமாக நிறைத்திருந்தார். சந்தைக்குப் போக வேண்டியதல்லவா, வேண்டாங்க என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்காமல் ஸ்கூட்டர் கொக்கியில் அவரே மாட்டிவிட்டார்.

வீட்டில் என் மனைவி ஒரு பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல பழம் எங்கே கிடைத்தது என்று கேட்டாள். வருகிற வழியில் வாங்கினேன் என்று சொன்னேன்.