குங்குமம் வைத்த பண்ணைக் கோழிகள்

என் கொழுந்தனுக்குக் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்காமல் ஒரு நல்ல காரியமும் செய்ய வராது. ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பண்ணையில் முட்டை குறைந்த கோழிகளைக் கறிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். அதில் நான்கை வாங்கி அட்டைப்பெட்டியில் போட்டு, தொரப்பள்ளியில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினான்.

"சாவுலேர்ந்து காப்பாத்திக் கொண்டாந்திருக்கேன் அண்ணி" என்றான். காப்பாற்றியவன் அவன், தீனி போட்டுப் பீ அள்ள வேண்டியவள் நான். எங்கள் வீட்டில் எல்லாப் புண்ணியமும் இப்படித்தான் பங்கு பிரியும்.

பெட்டியைத் திறந்தேன். கழுத்தில் இறகில்லை, கொண்டை வெளுத்திருந்தது, அலகின் நுனியை வெட்டியிருந்தார்கள். கம்பிக் கூண்டுக்குள்ளேயே காலம் கழித்தவை. மண்ணில் விட்டதும் காலை எடுத்து வைக்கத் தெரியாமல் அப்படியே நின்றன. நான் ஒவ்வொன்றாகத் தூக்கி நிழலில் விட்டேன். அவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

என் நாட்டுக் கோழிகளும் லேசுப்பட்டவை அல்ல. அதிலும் அந்தச் செவலை, கொல்லையைத் தன் பெயருக்கு எழுதி வாங்கியது மாதிரி நடக்கும். அதனால் புதிதாக வந்த வெள்ளைக் கோழிகளைப் பழைய ஆட்டுக்கொட்டகையில் தனியாக வைத்தேன். தண்ணீர்ச் சட்டியும் தனி. கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டு வந்து பேனுக்கு மருந்து போட்டேன். கழிச்சல் இல்லை, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு கொல்லையின் குறுக்கே கம்பிவலை கட்டி, இந்தப் பக்கம் இவை, அந்தப் பக்கம் அவை என்று விட்டேன். ஒன்றையொன்று பார்க்கட்டும், தொட வேண்டாம்.

கொழுந்தனுக்குச் சிரிப்பு. கோழிக்கு எதற்கு இவ்வளவு பில்டப் என்றான். அவன் கம்பெனியில் புது ஆளை முதல் நாளே லைனில் நிறுத்திவிடுவார்களாம், தானாகப் பழகிக்கொள்வானாம். அங்கே சேருகிறவர்கள் ஏன் மாதம் தாண்டுவதில்லை என்பது எனக்கு அன்றைக்கு விளங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் தவிடு வாங்கப் போயிருந்தேன். எங்கள் வீட்டுக்கு வண்டி வந்தாலும் சரி, மிக்ஸி வந்தாலும் சரி, பொட்டு வைத்துத்தான் உள்ளே விடுவார்கள். கோழிகளுக்கும் அதைச் செய்து வீடியோ எடுக்க வேண்டும் என்று இந்த அறிவாளிக்குத் தோன்றியிருக்கிறது. நான்கு வெள்ளைத் தலையிலும் குங்குமத்தை அப்பி, வலையைத் திறந்து விட்டிருக்கிறான். சிவப்பைக் கண்டால் கோழி கொத்தும். கோழி வளர்க்கிற வீட்டில் இது தெரியாதவர்கள் இல்லை. அவன் பிறந்து வளர்ந்ததும் இதே வீட்டில்தான்.

நான் திரும்பியபோது மூன்று வெள்ளைகள் சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்தன. இருப்பதிலேயே சின்னதின் மேல் செவலை ஏறி நின்றது. மற்றவையும் சுற்றி நின்று கொத்தின. தலையில் இருந்தது இப்போது குங்குமமல்ல. சாக்கை வீசி விரட்டி அதை அள்ளி எடுத்தேன். கொழுந்தன் கையில் இன்னும் போன்.

"ஓடவே மாட்டேங்குது அண்ணி. ஓடியிருந்தா தப்பிச்சிருக்கும்ல?"

"அந்தக் கூண்டுல ஓடறதுக்கு அதுக்கு எடம் எங்க இருந்துச்சு?"

புண்ணைக் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசி, சமையலறையில் கூடைக்குள் வைத்தேன். தீனியைத் தொடவில்லை. செத்துவிடும் என்றே நினைத்து அழுதேன், பாதி ஆத்திரத்தில். அவன் வீடியோவின் முதல் பாதியை மட்டும் ஸ்டேட்டஸில் போட்டிருந்தான். அவனைத் தெய்வம் என்று யாரோ எழுதியிருந்ததை என்னிடமே காட்டினான்.

அது பிழைத்துக்கொண்டது. புண் ஆறி இறகு முளைக்கும்வரை மறுபடியும் வலைக்குப் பின்னால் வைத்தேன். பிறகு ஒரு காலையில், தீனித் தட்டுகளை ஆளுக்கொரு மூலையில் வைத்து, ஒளிந்துகொள்ள முருங்கைக் கிளைகளை வெட்டிப் போட்டு, நானே வலையைத் திறந்தேன். கொழுந்தனைப் போனை உள்ளே வைத்துவிட்டு வரச் சொன்னேன்.

செவலை கழுத்தை நீட்டிக்கொண்டு நேராகச் சின்னதிடம் வந்தது. சின்னது உறைந்து நின்றது. நான் சாக்கைக் கையில் எடுத்துவிட்டேன். அதற்குள் சின்னது சிறகை விரித்து, தடுமாறி, கொல்லையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியது. செவலை கொஞ்ச தூரம் துரத்திவிட்டுத் தீனிக்குத் திரும்பிவிட்டது.

"பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தான் கொழுந்தன்.

நான் சாக்கைக் கீழே போட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கோடியில் நின்று மூச்சு வாங்கிய அந்தக் கோழி, சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் ஓடியது. இந்தத் தடவை துரத்த யாருமே இல்லை.